சஃபாரி: பிள்ளைகளோடு புறப்படுமுன் ஒரு வரலாற்றுப் பார்வை



அடுத்த ஆண்டு ஆண்டிடைப் பள்ளி விடுமுறையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று விலங்குகளைப் பார்த்து வரலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்துள்ளது. மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. செலவு, தடுப்பூசி, உணவு, வானூர்தி நேரம் ஆகியவற்றைத் துணைவியார் கணக்கிட்டுக் கொண்டிருக்க, வழக்கம்போல நான் வரலாற்று நூல்களுக்குள் புகுந்துவிட்டேன். இது வீண்வேலை என்று வீட்டில் கேலி நடந்ததும் உண்டு. ஆனால் எந்த வழியில் செல்வது, எந்தக் காட்டைத் தேர்ந்தெடுப்பது, பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு என்ன விடை சொல்வது ஆகிய மூன்றுக்கும் வரலாறுதான் எனக்குக் கைகொடுத்தது. படித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சஃபாரி என்பது சுவாகிலி மொழிச் சொல். அதற்குப் பயணம் என்பதுதான் பொருள். விலங்கு, காடு, வேட்டை என்னும் பொருளெல்லாம் அச்சொல்லுக்குள் இல்லை. மொம்பாசாவில் வாழும் ஒருவர் தம் அத்தை வீட்டுக்குப் பேருந்தில் போனாலும் அது சஃபாரிதான். அரபு மொழியின் சஃபர் என்னும் சொல்லிலிருந்து அது வந்தது. அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லை மலேசியர்களாகிய நாம் அன்றாடம் கேட்கிறோம்: மலாய் மொழியில் பயணியைக் குறிக்கும் முசாஃபிர். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளிலும் அரபு வணிகர் விட்டுச் சென்ற சொற்கள் இவை. நம் பிள்ளைகளுக்கோ சஃபாரி என்றால் 1994-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட இரவு விலங்குக்காட்சிச் சாலைதான் நினைவுக்கு வருகிறது. கானுலா என்று தமிழில் அழகாகச் சொல்வோரும் உளர். எனக்கும் அச்சொல் பிடிக்கும். எனினும், இக்கட்டுரையின் செய்தியே அச்சொல் பொருள் மாறிய கதை என்பதால் மூலச்சொல்லையே கையாள்கிறேன்.

பயணம் என்னும் பொதுச்சொல் வேட்டைக்குரிய சொல்லாக எப்படி மாறியது? 19-ஆம் நூற்றாண்டில் சன்சிபார், மொம்பாசா, பகமோயோ ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற வணிகக் கூட்டங்களைத்தான் முதலில் அப்படி அழைத்தனர். நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகள் தலையில் துணியையும் மணியையும் கம்பியையும் சுமந்து சென்றனர். திரும்பும்போது யானைத் தந்தங்களைச் சுமந்து வந்தனர். அடிமைகளாகப் பிடிக்கப்பட்டோரும் அதே வழியில் நடத்தி வரப்பட்டனர். மாட்டுவண்டியோ குதிரையோ அங்கே பயன்படவில்லை. செட்சி என்னும் ஈ கடித்தால் அவை நோயுற்று மடியும். ஆகவே மனிதத் தலைகளே வண்டிகளாயின. ஐரோப்பிய ஆய்வாளர்களும் பின்னர் வந்த வேட்டைக்காரர்களும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டனர். ஒரு சுமைதூக்கி ஏறத்தாழ 27 கிலோ எடையைச் சுமந்தார். படங்களில் நாம் காணும் கூடாரம், மடிப்பு மேசை, குளியல் தொட்டி எல்லாம் யாரோ ஒருவர் தலையில் ஏறிச் சென்றவைதாம். முதல் உலகப்போரில் இம்மக்களைப் படைக்குச் சுமைதூக்கப் பெருமளவில் கொண்டு சென்றனர். மாண்டவர் மிகப் பலர். அந்தச் சுமைதூக்கும் படையின் ஆங்கிலப் பெயரே திரிந்து, நைரோபியில் காரியகோர் என்றும் தாருஸ்ஸலாமில் காரியகூ என்றும் இன்றும் ஊர்ப்பகுதிகளின் பெயராக வழங்குகிறது.

இங்கே சற்று நின்று ஒரு மாட்டு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சஃபாரி பற்றிய படங்களிலும் விளம்பரங்களிலும் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால், இது தெரியாமல் அந்தப் புல்வெளிகளைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று நான் கருதுகிறேன்.

1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் மாட்டுக் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த பத்தே ஆண்டுகளில் அது தென்முனை வரை பரவியது. போன இடங்களில் எல்லாம் பத்தில் ஒன்பது மாடுகள்கூட மடிந்தன. காட்டெருமைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் காட்டுமாடுகளும் உடன் மடிந்தன. மாட்டையே செல்வமாகவும் உணவாகவும் கொண்டிருந்த மாசாய் மக்கள் பஞ்சத்தில் வீழ்ந்தனர். தொடர்ந்து அம்மை நோயும் வந்தது. மேய்ச்சல் நின்ற நிலங்களில் புதர் மண்டியது. இந்தப் பேரழிவுக்குப் பின்னர்தான் ஆங்கிலேயரும் செருமானியரும் அங்கே பெருமளவில் வந்து இறங்கினர். அவர்கள் கண்டது ஆளற்ற புல்வெளி. தொன்றுதொட்டே மனிதக் காலடி படாத காடு என்று அதை எண்ணிக்கொண்டனர். உண்மையில் அது அண்மையில் இழவு விழுந்த வீடு. ஆப்பிரிக்காவின் கன்னிக்காடு என்னும் கற்பனைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த மாட்டு நோய் பின்னர் மீண்டும் ஒரு முறை நம் கதைக்குள் வரும்.

அடுத்து இருப்புப்பாதை. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டிய உகாண்டா இருப்புப்பாதை ஏறத்தாழ 930 கிலோமீட்டர் நீளமுடையது. அதை அமைக்க ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்தனர். பெரும்பாலோர் பஞ்சாபியர், குசராத்தியரும் இருந்தனர். அதே காலத்தில் நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தனர். அங்கே பஞ்சாபியர், இங்கே தமிழர். ஒப்பந்தத்தாளும் கூலியும் காய்ச்சலும் இரு பக்கமும் ஒன்றே. ஏறத்தாழ 2,500 பேர் அந்தப் பாதையில் மாண்டனர் என்று கணக்கு உள்ளது. பாதை முடிந்தபின் ஏறத்தாழ 6,700 பேர் அங்கேயே தங்கினர். இன்னொரு செய்தி: அந்தப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். இந்தியாவில் அன்று பரவலாக இருந்த அளவு அது. நம் மலாயா இருப்புப்பாதையின் அகலமும் அதே ஒரு மீட்டர்தான். கோலாலம்பூரில் தண்டவாளத்தைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில்தான் சாவோ ஆற்றுப்பால நிகழ்ச்சி நடந்தது. 1898 மார்ச்சு மாதத்தில் ஜான் ஹென்றி பேட்டர்சன் என்னும் பொறியாளர் பாலம் கட்ட வந்து சேர்ந்தார். அதே காலத்தில் பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் செல்லத் தொடங்கின. முள்வேலி போட்டார்கள், தீ மூட்டினார்கள், தகரம் தட்டினார்கள். எதுவும் பயன்படவில்லை. திசம்பரில் தொழிலாளர்கள் பெருந்திரளாக வண்டியேறி ஓடிவிட, வேலை மூன்று வாரம் நின்றது. அம்மாதத்திலேயே பேட்டர்சன் இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொன்றார். மாண்டவர் எத்தனை பேர்? 1907-இல் வெளிவந்த தம் நூலில் 28 இந்தியத் தொழிலாளர் என்றும், கணக்கில் வராத ஆப்பிரிக்கர் பலர் என்றும் எழுதிய அவரே, பிற்காலத்தில் 135 என்று உயர்த்தினார். 2009-இல் அறிவியலாளர்கள் அச்சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆய்ந்து, அவை ஏறத்தாழ 35 பேரைத் தின்றிருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

என்னை உறுத்துவது எண்ணிக்கை அன்று. அந்த எண்ணிக்கையில் உள்ள பாகுபாடு. இந்தியர் சம்பளப் பட்டியலில் இருந்ததால் எண்ணப்பட்டனர். ஆப்பிரிக்கர் பட்டியலில் இல்லாததால் எண்ணப்படவும் இல்லை. சிங்கங்களின் பெயரில் நூலும் திரைப்படங்களும் வந்துவிட்டன. பாலம் கட்டியவர்களை யார் அறிவார்? நம் தோட்டப்புறத்து இடுகாடுகளை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அச்சிங்கங்களின் தோல்கள் பேட்டர்சனின் வீட்டில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தரைவிரிப்பாகக் கிடந்தன. 1924-இல் அவர் அவற்றைச் சிக்காகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு 5,000 அமெரிக்க வெள்ளிக்கு விற்றார். இன்றும் அவை அங்கே பாடம் செய்யப்பட்டு நிற்கின்றன. மிதிபட்டுச் சுருங்கிய தோல் என்பதால் உயிருடன் இருந்தபோது இருந்ததைவிடச் சிறியனவாகத் தோன்றுகின்றனவாம். அவற்றுள் ஒன்றின் பல்வேரில் கடும் சீழ்க்கட்டி இருந்ததும் தெரிய வந்தது. பல்வலியுள்ள சிங்கம், துள்ளி ஓடும் வரிக்குதிரையைவிடத் தூங்கும் மனிதனை எளிதாகக் கண்டிருக்கலாம். 2024-இல் அவற்றின் பற்குழிகளில் சிக்கியிருந்த மயிர்களின் மரபணுவை ஆய்ந்தபோது ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காட்டுமாடு ஆகியவற்றோடு மனித மயிரும் இருப்பது உறுதியானது. இந்தப் பல்வலிக் கதையை மகனிடம் சொன்னேன். இரண்டு நாள் சொல்லாமலே பல் துலக்கினான்!

பாதை வந்தபின் வேட்டைக்காரர்களும் வந்தனர். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூசுவெல்ட், பதவிக்காலம் முடிந்த கையோடு 1909 ஏப்ரலில் மொம்பாசாவில் இறங்கினார். உடன் வந்தவர் அவருடைய 19 வயது மகன் கெர்மிட். வண்டியின் முன்புறத்தில் பொருத்திய பலகையில் அமர்ந்து, விலங்குகளைப் பார்த்துக்கொண்டே தந்தை பயணம் செய்தார். ஏறத்தாழ 250 சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும் அவர்களுடன் சென்றனர். அருங்காட்சியகத்துக்கு என்று அவர்களின் குழு திரட்டியவை, சிறு உயிர்களையும் சேர்த்து, 11,000-க்கும் மேல். தந்தையும் மகனும் மட்டும் சுட்டவை 512. தந்தை 296, மகன் 216. தந்தையே இவ்வெண்களைத் தம் நூலில் பட்டியலிட்டு அச்சிட்டிருக்கிறார். மகனோடு காட்டுக்குச் செல்லும் தந்தை என்னும் முறையில் நான் இப்பட்டியலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காலத்தின் அளவுகோல் வேறு என்பதை ஏற்கிறேன். வரலாற்று ஆசிரியன் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் 512 என்பது ஒரு சிறு தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைவிடப் பெரிது. இன்று சுற்றுலா நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய ஐந்து என்னும் சொற்றொடரும் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) வேட்டைக்காரர் வழக்கே. நடந்து சென்று சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை என்பதால் இவ்வைந்தையும் சேர்த்துச் சொன்னார்கள்; அழகால் அன்று. ஒட்டகச்சிவிங்கி ஏன் அதில் இல்லை என்று மகள் கேட்டதற்கு விடை இதுதான்.

சுட்டவர்களே பின்னர்க் காவலர்கள் ஆயினர் என்பது இக்கதையின் விந்தை. நம் நாட்டிலும் தியோடர் ஹப்பேக் என்னும் வேட்டைக்காரர்தாம் பின்னாளில் முனைந்து வாதாடி, 1938–39 ஆண்டுகளில் ஐந்தாம் சார்ச்சு மன்னர் பெயரில் தேசியப் பூங்கா அமையக் காரணமானார். இன்றைய தாமான் நெகாரா அதுவே.

குடும்பத்தோடு மகிழுந்தில் சென்று விலங்குகளைப் பார்க்கும் வழக்கம் வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா. 1926-இல் சட்டத்தால் அமைந்தது. 1927-இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது ஓராண்டில் வந்தவை மூன்றே மூன்று மகிழுந்துகள். மறு ஆண்டு 180; அதற்கு மறு ஆண்டு 850. பெற்றோர், பிள்ளைகள், உணவுக்கூடை என்று இன்று நாம் எண்ணும் குடும்பச் சஃபாரி அங்கே உருப்பெற்றது. ஆனால் யாருடைய குடும்பம்? அப்பூங்காவின் முதல் காப்பாளர் ஜேம்சு சுடீவன்சன்-ஹாமில்டன் 1902-இல் பொறுப்பேற்றதும் அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றினார். அம்மக்கள் அவருக்கு வைத்த பெயர் சுகுசா. துடைத்துப் பெருக்கியவர் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. பூங்காவின் தலைமை முகாமுக்கு இன்றும் அதே பெயர்தான்! 1969-இல் வடகோடியிலிருந்து மகுலேகே மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1998-இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் நிலம் சட்டப்படி அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. நிலத்தைப் பெற்றவர்கள் அதை உழவுக்குத் திருப்பவில்லை; காடாகவே வைத்துச் சுற்றுலா வருவாயைப் பெறுகின்றனர்.

நிறவெறி ஆட்சியில் குரூகரின் நல்ல முகாம்கள் எல்லாம் வெள்ளையருக்கே. கறுப்பினத்தவர் பாலூலே போன்ற எளிய இடங்களில் தங்க நேர்ந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து துரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த நேட்டால் தமிழர்களின் நிலை என்ன? இந்தியர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லவே 1970-கள் வரை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. குரூகரோ டிரான்சுவாலில் இருந்தது. யானையைப் பார்க்கச் செல்லும் தமிழ்ப்பிள்ளையும் முதலில் ஓர் அலுவலகத்தில் தாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

மீண்டும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வருவோம். நைரோபி தேசியப் பூங்கா 1946-இலும், சாவோ 1948-இலும், செரங்கெட்டி 1951-இலும் அமைந்தன. செரங்கெட்டியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தந்தையும் மகனும் வருகிறார்கள். செருமானிய விலங்கியலாளர் பெர்னார்டு கிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு வானூர்தியில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 சனவரியில் ஒரு கழுகு மோதி வானூர்தி விழுந்து மைக்கேல் இறந்தார். வயது 24. கொரங்கொரோ பெருங்குழியின் விளிம்பில் அவரை அடக்கம் செய்தனர். 1987-இல் இறந்த தந்தையும் அவர் பக்கத்திலேயே துயில்கிறார். அவர்கள் எடுத்த ஆவணப்படம் 1960-இல் ஆசுகார் விருது பெற்றது. செரங்கெட்டியை உலகமே அறிந்தது.

அதே 1959-இல்தான் செரங்கெட்டியில் மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அருகிலுள்ள கொரங்கொரோ பாதுகாப்புப் பகுதியில் வாழலாம் என்னும் உறுதியின்மேல் அவர்கள் நகர்ந்தனர். அந்த உறுதியும் இன்று ஆட்டம் காண்கிறது. 2022-இல் லோலியொண்டோவில் எல்லைக்கல் நடும்போது மோதல் மூண்டது. கொரங்கொரோவில் உள்ளவர்களைத் தொலைவிலுள்ள மிசொமேராவுக்கு நகர்த்தும் திட்டமும் நடந்து வருகிறது. விலங்குகளைக் காக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். காக்கத்தான் வேண்டும். ஆனால் மாட்டோடும் விலங்கோடும் ஒரே புல்லில் வாழ்ந்த மக்களிடமிருந்துதான் காக்க வேண்டும் என்பதற்குச் சான்று எங்கே என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அந்தச் சான்றுக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது. மேலே சொன்ன மாட்டு நோய்! கிசிமெக் காலத்தில் செரங்கெட்டியின் காட்டுமாடுகள் இன்றிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை இலட்சம் அளவு. சுற்றுப்புற மக்கள் வளர்த்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போட, அவற்றிலிருந்து காட்டுமாடுகளுக்குத் தொற்றி வந்த நோய் அடங்கியது. 1970-களின் இறுதியில் அவை 13 இலட்சம் ஆயின. ஆற்றைக் கூட்டங்கூட்டமாகத் தாண்டும் அந்தப் பெருவலசையை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் வியந்து பார்க்கிறார்கள். இன்றைய அளவில் அது என்னைவிடச் சில ஆண்டுகளே மூத்தது. வீட்டு மாட்டைக் குணப்படுத்தியதால் காட்டுமாடு பிழைத்தது. 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாம் நோய் இது. எந்தக் கானுலாக் கையேட்டின் முதற்பக்கத்திலும் இதைத்தான் போட வேண்டும் என்பேன்.

1977-இல் கென்யா வேட்டையை அறவே தடை செய்தது. துப்பாக்கிக்குப் பதில் படக்கருவி என்னும் இன்றைய முறை முழுமையானது அப்போதுதான். கள்ளவேட்டை நிற்கவில்லை. 1970-களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேலிருந்த கென்யாவின் யானைகள் 1989-இல் ஏறத்தாழ 16,000 ஆயின. அவ்வாண்டு சூலையில் அதிபர் மோய், 12 டன் தந்தத்தை நைரோபி பூங்காவில் தீயிட்டார். அவ்வாண்டே உலகத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. அந்தச் சாம்பல் கிடக்கும் இடம் இன்று குடும்பங்கள் கட்டுச்சோறு உண்ணும் இடமாக இருக்கிறது.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். மேற்சொன்ன வரலாறு ஒவ்வோர் அடியிலும் குறுக்கிடுவதைப் பாருங்கள்.

மலேரியாதான் முதல் கவலை. மருத்துவரிடம் கேட்டபோது, சிறு பிள்ளைகளுக்கு அந்நோய் விரைந்து முற்றும் என்றும், தடுப்பு மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது என்றும் சொன்னார். நம் முன்னோரைத் தோட்டங்களில் வாரிக்கொண்டு போன அதே காய்ச்சல்தான். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டும்வரை அதற்கு இங்கே முடிவு இல்லை. குரூகரையும் முற்காலத்தில் கோடை மழைக்காலத்தில் பெரும்பாலும் மூடியே வைத்தார்கள். மலேரியாவே இல்லாத காடு வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் பிலானெசுபெர்க்கும் மடிக்குவேயும் உள்ளன. பிள்ளைகளோடு செல்வோர்க்கு எல்லாரும் சொல்வது அவற்றைத்தான். பிலானெசுபெர்க்கின் வரலாறு என்ன? 1979-இல் நிறவெறி ஆட்சி உருவாக்கிய பொப்புத்தட்சுவானா என்னும் பெயரளவு நாட்டில், பக்கட்லா மக்களை நகர்த்திவிட்டு, ஏறத்தாழ 6,000 விலங்குகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு உருவாக்கிய பூங்கா. ஆக, குறையற்ற காடு எங்கும் இல்லை. சிங்கத்துக்கு அது தெரியப்போவதில்லை. என் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மகளுக்கு ஆறு வயதே என்பதும் வழியைத் தீர்மானிக்கிறது. குரூகரை ஒட்டிய தனியார் காடுகளில் திறந்த வண்டிகளில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பல விடுதிகள் ஏற்பதில்லை. குரூகரில் பல நாள் நடைப்பயணத்துக்கு 12 வயது வேண்டும். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் கொரில்லாவைப் பார்க்க 15 வயது நிறைந்திருக்க வேண்டும். கென்யாவில் கூரையைத் தூக்கித் திறக்கும் மூடிய வண்டிகள் மிகுதி. ஆறு வயதுப் பிள்ளை தூங்கிவிட்டாலும் கவலையில்லை.

மாராவையும் செரங்கெட்டியையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். வரைபடத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 1977-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. 1983-இல் எல்லை திறந்தும், அந்த நேர்வழி மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. இசெபானியா வழியாகவோ நமாங்கா வழியாகவோ சுற்ற வேண்டும். காட்டுமாடு கடவுச்சீட்டு இல்லாமல் கடக்கும் எல்லையை நாம் ஒரு நாள் முழுதும் வண்டியில் சுற்றிக் கடக்க வேண்டும்! சிறு பிள்ளைகளோடு அது இயலாது என்று துணைவியார் முடிவு கட்டினார். நானும் ஒப்புக்கொண்டேன். கென்யா மட்டும் போதும்.

சான்றிதழ் ஒன்றையும் மறக்கலாகாது. கென்யாவிலிருந்து மலேசியாவுக்குத் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். 2016 முதல் அச்சான்று வாழ்நாள் முழுதும் செல்லும் என்று விதி மாறியிருக்கிறது. நெகிழிப் பைகளைக் கென்யா 2017 முதல் தடை செய்திருப்பதால், பிள்ளைகளின் முறுக்கையும் ரொட்டியையும் துணிப்பையில் கட்டிக்கொள்ள வேண்டும். நைரோபி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். கேமரன் மலைத் தானா ராத்தாவையும் மிஞ்சும். சூனில் காலைக்குளிருக்குக் கம்பளிச்சட்டை வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணிப் பருத்திச் சட்டை மட்டும் கட்டாதீர்கள்.

ஆக, இப்போதைய திட்டம் இதுதான். நைரோபியில் மூன்று நாள். பூங்கா, தந்தம் எரித்த இடம், தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம் ஆகியவை. காப்பகத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு, குட்டிகள் பால் குடிப்பதைக் காட்டுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமைக்குச் சரியான அளவு அது. பிறகு மாராவில் மூன்று நாள். சாவோவில் இறங்கித் தங்குவது தாழ்நிலம், மலேரியா என்பதால் இம்முறை இல்லை. 2017-இல் ஓடத் தொடங்கிய புதிய தொடர்வண்டி நைரோபியிலிருந்து மொம்பாசா செல்லும் வழியில் சாவோ பூங்காவைக் கடக்கிறது. யானைகள் அடியில் கடந்து செல்லப் பாதையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் சற்றுப் பெரியவர்கள் ஆனதும் அதில் போகலாம்.

மகனுக்கு இதில் ஏமாற்றம்தான். சாவோ இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. அதற்கு ஈடாக நைரோபி இருப்புப்பாதை அருங்காட்சியகத்தைச் சேர்த்திருக்கிறேன். 1900-ஆம் ஆண்டில் கீமா நிலையத்தில் சிங்கத்தைச் சுடக் காத்திருந்த ரையால் என்னும் காவல் அதிகாரி, கண்ணயர்ந்த வேளையில் அதே சிங்கத்தால் இழுத்துச் செல்லப்பட்டார். அவர் இருந்த வண்டிப்பெட்டி அங்கே நிற்கிறது. அதைவிட, பஞ்சாபியர் கைபட்ட பழைய தண்டவாளத்தின் அகலம் உண்மையிலேயே ஒரு மீட்டர்தானா என்று அளந்து பார்க்க வேண்டுமாம் அவனுக்கு. அளவுநாடா ஒன்றை இப்போதே பைக்குள் எடுத்து வைத்துவிட்டான்.